ஏரிக்கு முன் ஒரு கோரைப் படுகை

கிராமத்தில் சாக்கடை கட்டும்போது, அது எங்கே போய் முடிய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தெருவில் தண்ணீர் தேங்காவிட்டால் போதும் என்று, பள்ளத்தில் உள்ள ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. மீன் செத்து மிதக்கிறது. தழைச்சத்து மிகுந்த அந்த நீர் பாய்ந்த நெல், கருகருவென வளர்ந்து கதிர் பிடிக்கும் சமயத்தில் சாய்ந்துவிடுகிறது. தெருவுக்கு நன்மை, ஆயக்கட்டுக்கு நஷ்டம்.

சாக்கடைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு கோரைப் படுகை அமைத்தால் இந்த நஷ்டத்தைப் பெரிதும் தவிர்க்கலாம். இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஆர்கேட்டா என்ற சிறு நகரம் இதைச் செய்து காட்டியுள்ளது. பெருஞ்செலவில் பல ஊர்களுக்குப் பொதுவான சுத்திகரிப்பு நிலையம் கட்டும் யோசனையை அவ்வூர் மக்கள் ஏற்கவில்லை. 1979-ல் சிறிய அளவில் சோதனை தொடங்கி, 1986-ல் முழு அளவில் சதுப்பு நிலங்களை அமைத்தனர். கசடு பிரித்துக் குளங்களில் நிறுத்திய கழிவு நீர், அந்தச் சதுப்பு நிலங்களின் வழியே சென்று தெளிகிறது. பழைய குப்பை மேடும் மர ஆலையின் குளமும் இருந்த அந்த இடம் இன்று 307 ஏக்கர் சரணாலயம். 300-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே காணப்பட்டுள்ளன.

வேலை செய்வது எது?

நீரைச் சுத்தம் செய்வதில் பெரும்பங்கு செடியுடையதன்று. வேரிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களுடையது. அவை அழுக்கைத் தின்று சிதைக்கின்றன. தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடுகிறது; ஒரு பகுதியைச் செடி எடுத்துக்கொள்கிறது.

முதலில் கசடு தங்க ஒரு தொட்டி வேண்டும். அடுத்து, நீர் கீழே இறங்காத தளத்தின்மேல் சுமார் 2 அடி ஆழத்துக்கு ஜல்லி பரப்பி, கோரை, கல்வாழை போன்றவற்றை நட வேண்டும். நீர் ஜல்லிக்கு அடியிலேயே ஓடினால் கொசுத் தொல்லை இராது. நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் ஆளுக்குச் சுமார் 3 சதுர மீட்டர் என்பது கணக்கு. 500 பேர் வாழும் ஊருக்கு ஏறத்தாழ 37 சென்ட் போதும். இதை ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள் அமைத்துக் கொள்ளளவைக் குறைத்துவிடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

செடிகளை அவ்வப்போது அறுத்துக் கம்போஸ்டுக்குப் பயன்படுத்த வேண்டும். சம்பு வளர்ந்தால் பூக்குமுன் அறுத்துவிட வேண்டும். இல்லையேல் விதை காற்றில் பறந்து ஏரியையே பிடித்துக்கொள்ளும். தெளிந்த நீரிலும் நோய்க்கிருமிகள் மிஞ்சும். பச்சையாக உண்ணும் காய்கறிக்குப் பாய்ச்சலாகாது. சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்பை எந்தக் கோரையும் எடுக்காது. அத்தகைய கழிவைக் கோரைப் படுகையைக் காட்டி ஏரியில் விடுவதற்கு உழவர்கள் இடம் கொடுக்கவே கூடாது.

பறவை வந்தால் உழவனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். வேடந்தாங்கல் மக்களுக்கு விடை தெரியும். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று அறிந்துதான், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடுவதற்குத் தடை கேட்டுப் பெற்றார்கள்.

அடுத்த கிராம சபையில் சாக்கடைத் திட்டம் வரும்போது, கால்வாய் நீளம் எத்தனை அடி என்பதோடு, கடைசி அடி எங்கே முடிகிறது என்றும் ஆயக்கட்டுதாரர்கள் கேட்க வேண்டும். படுகைக்கு இடமும், அதைப் பராமரிக்க ஆளும் ஒதுக்காத திட்டத்துக்குச் சம்மதம் தரலாகாது. ஏரி கெட்டபின் தூர் வாருவதைவிட, கெடாமல் காப்பதே சிக்கனம்.