ஒளிபரப்பும் பதிவும்: எது முதன்மை?

ஒரு பாடத்தைப் பல மூலங்களிலிருந்து ஒருங்கே பிடித்து, இணையத்தின் வழியே அனுப்பி, அதே வேளையில் பதிந்தும் வைக்கும் சாதனங்கள் இன்று பள்ளிகளையும் கள நிலையங்களையும் எட்டியுள்ளன. ஆசிரியரின் முகம் ஒரு காமிராவிலும், மேசைமீது நடைபெறும் பரிசோதனை மற்றொரு காமிராவிலும், குரல் ஒலிவாங்கியிலும், படங்கள் கணினித் திரையிலிருந்தும் வந்து சேருகின்றன. 2012-இல் தோன்றிய ஓ.பி.எஸ். என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அது இப்பணியைச் சாதாரணக் கணினியிலேயே செய்துவிடுகிறது. ஆயினும், இவற்றைக் கையாள்வோர் பலர் நேரடி ஒளிபரப்பையே நோக்கமாகக் கொண்டு, பதிவை உபரியாக எண்ணிவிடுகின்றனர். இம்முறை மாறுதல் வேண்டும்.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஏ.டி.எஸ்.-6 செயற்கைக் கோளின் துணையால், நம் நாட்டின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அது அரிய முயற்சியே. எனினும், குறித்த வேளையில் பெட்டியின் முன் அமர்ந்தவர்க்கே அவை பயன்பட்டன. இன்று அக்கட்டுப்பாடு இல்லை. இணையத் தொடர்பு மெலிந்த ஊரிலுள்ள மாணவன் நேரடி ஒளிபரப்பைத் துண்டு துண்டாகவே காண்கிறான்; பதிவையோ இரவில் இறக்கிக்கொண்டு, விளங்காத இடத்தை மும்முறை பார்க்கிறான். உதவி எவர்க்கு மிகுதியும் தேவையோ, அவர்க்குப் பதிவே வகுப்பறையாகிறது.

ஆதலின் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, பதிவைப் பாடம் நடக்கும் கணினியிலேயே செய்தல் வேண்டும். அனுப்பப்படும் காட்சி இணைப்பின் வேகத்திற்கேற்பச் சுருக்கப்படுகிறது. உள்ளூர்ப் பதிவுக்கு அத்தளை இல்லை. வினாடிக்கு 5 மெகாபிட் வீதம் பதிந்தாலும் ஒரு மணி நேரப் பாடத்திற்கு ஏறத்தாழ 2.25 ஜிகாபைட் இடமே தேவை.

இரண்டாவது, கோப்பின் வடிவம். வழக்கமான எம்.பி.4 கோப்பில் உள்ளடக்க அட்டவணை இறுதியில்தான் எழுதப்படுகிறது. இடையில் மின்சாரம் நின்றால் முழுப் பதிவும் திறவாது போகக்கூடும். எம்.கே.வி. வடிவிலோ நின்ற இடம் வரையில் பதிவு பிழைத்திருக்கும். அதனைப் பின்னர் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஆசிரியரின் குரலைத் தனித் தடத்தில் பதிதல். வினாடிக்கு 128 கிலோபிட் வீதம் ஒரு மணி நேரக் குரல் 58 மெகாபைட்டுக்குள் அடங்கும். காட்சியைப் பெற இயலாதவர்க்கு அக்குரலையேனும் தனியே அனுப்பலாம்.

நேரடி ஒளிபரப்பில்தான் மாணவர் உடனுக்குடன் ஐயம் வினவ இயலும் என்பர். அது உண்மையே, அதனைக் கைவிட வேண்டுவதில்லை. ஆனால் இரண்டிற்கும் கணினியின் ஆற்றல் போதாதபோது, குறைக்கப்பட வேண்டியது ஒளிபரப்பின் தரமேயன்றிப் பதிவின் தரமன்று. ஒளிபரப்பு அன்றைய வகுப்புடன் முடிகிறது. பதிவு அடுத்த ஆண்டு மாணவர்க்கும் உதவுகிறது.

சாதனங்களுக்கு நிதி ஒதுக்குவோரும் இதனை எண்ணுதல் நலம். மூன்றாவது காமிரா வாங்குமுன், ஒரு நல்ல ஒலிவாங்கியும், மின்தடையின்போது கணினியைக் காக்கும் மின்கலச் சாதனமும், பதிவுகளைச் சேமிக்க ஓர் உபரி வன்தட்டும் வாங்கப்படுதல் வேண்டும்.