கரணை பிடித்த கைக்குச் சான்று எங்கே?

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். பாடல் பெற்ற தலம் என்று பக்தர்கள் பரவசத்துடன் பகருவர். பாடியவர் திருஞானசம்பந்தர் என்று பெயரும் சொல்லுவர். கல் சுமந்தவன் யார்? கல்லோடு கல்லைப் பொருத்தியவன் யார்? சாரத்தின் உச்சியில் நின்று உயிரைப் பணயம் வைத்தவன் யார்? கேட்டால் விழிப்பர். பாட்டுக்கு ஓலை இருந்தது. பாட்டாளிக்கு ஓலை இல்லை!

மேலும் சென்றால் உத்திரமேரூர். குடவோலைக்குப் பெயர்போன ஊர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919 ஆம் ஆண்டிலும் 921 ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், வாரியத்தில் அமர்வோர்க்குரிய தகுதிகளை வரிசையாக அடுக்குகின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35க்கு மேல் 70க்குள் வயது, மந்திர பிராமணம் ஓதிய புலமை! ஏரி வாரியத்துக்கும் இதே தகுதிதான். ஏரிக்கரையில் மண்வெட்டி பிடித்து, மதகின் நாடி அறிந்தவன் நிலமற்றவனாயின், அவன் மதிநுட்பத்துக்கு அந்த வாரியத்தில் இடமில்லை.

ஆண்டுகள் ஆயிரத்து நூறு ஓடிவிட்டன. நிலை மாறிற்றா?

ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் ஆலைகள் எழுகின்றன. இரும்புத் தூண்கள் நிமிர்கின்றன. பாரந்தூக்கிகள் வானைத் துழாவுகின்றன. இவற்றை எழுப்பும் கரங்கள் மாகறல் போன்ற சிற்றூர்களிலிருந்து செல்லும் கரங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து சேரும் கரங்கள். கம்பி கட்டுவோர், சாரம் கட்டுவோர், குழாய் பொருத்துவோர், கலவை சுமப்போர். இருபது ஆண்டு உழைத்தவரிடம், ‘உமக்கு இந்தத் தொழில் தெரியும் என்பதற்குச் சான்று என்ன?’ என்று கேளுங்கள். காய்த்துப்போன கையைக் காட்டுவார். அதைத் தவிர அவரிடம் வேறேதும் இல்லை.

சான்று கேட்பது புதுமையன்று. கொதிகலனைப் பற்றவைப்பவர் 1950 ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் விதிகளின்படி சோதனையில் தேறியாக வேண்டும். திருச்சியில், பாரத மிகுமின் நிறுவனத்தில், 1975 இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமே நிறுவப்பட்டது. மின்பணி செய்வோர்க்குக் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வைத் தமிழக அரசே நடத்துகிறது. கொதிகலன் வெடித்தால் முதலாளியின் ஆலை போகும். ஆகவே சான்று வேண்டும். சாரம் சரிந்தால் தொழிலாளியின் உயிர்தானே போகும். ஆகவே சான்று வேண்டாம்! இதுவா நீதி?

பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலில் முதல் வகுப்புக் கொத்தனார், இரண்டாம் வகுப்புக் கொத்தனார் என்ற பிரிவு உண்டு. வகுப்புக்கேற்பக் கூலியும் உண்டு. எவர் எந்த வகுப்பு என்று வேலைத்தளத்தில் தீர்மானிப்பவர் யார்? மேஸ்திரி! அவர் மனம் வைத்தால் முதல் வகுப்பு. முகம் சுளித்தால் இரண்டாம் வகுப்பு.

2014 ஜூன் 28 அன்று, காஞ்சிபுரம் மாவட்டத்து மௌலிவாக்கத்தில், பதினொரு அடுக்குக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 உயிர்கள் மண்ணுக்குள் மடிந்தன. மடிந்தோரில் பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர். அவர்களிடம் சான்றிதழ் இருந்திருந்தால் கட்டடம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. வரைபடத்தின் பிழையைக் கரணை திருத்தாது. ஆனால், சான்று பெற்றவர் ‘இந்தத் தூண் தாங்காது, நான் ஏறமாட்டேன்’ என்றால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. சான்றற்றவர் சொன்னால், ‘உனக்கென்ன தெரியும், போ!’ என்ற ஏச்சுதான் மிச்சம். தகுதிச்சான்று கூலியை உயர்த்தும் கருவி மட்டுமா? குரலை உயர்த்தும் கருவியும் அதுவே!

‘நல்ல யோசனை, பணத்துக்கு எங்கே போவது?’ என்று கை விரிப்போர் உண்டு. பணம் இருக்கிறது, தோழர்களே! தமிழகத்தில் உடலுழைப்புத் தொழிலாளர்க்கெனச் சட்டம் வந்தது 1982 இல். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது 1994 இல். கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை வாங்க 1996 இல் மத்தியச் சட்டம் வழி செய்தது. அச்சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது, தீர்வை நின்றுவிடவில்லை. அந்தத் தீர்வை எங்கே போயிற்று? 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் உரைத்த கணக்கு இது: நாடு முழுதும் திரண்டது 37,400 கோடி ரூபாய்க்கு மேல், செலவானது ஏறத்தாழ 9,500 கோடி. வெயிலில் உழைப்போர் பெயரால் வாங்கிய பணம் பெட்டியில் குளிர் காய்கிறது!

பயிற்சியே இல்லை என்று பழிக்கவில்லை. தையூரில் வாரியத்தின் பயிற்சி நிலையம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. பயிற்சி நாளுக்கு ஊதிய இழப்பீடு தரும் முறையும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்தச் செய்தி ஊராட்சி மன்ற வாயிலுக்கு வந்ததா? விடியலில் வேலைக்கு ஆள் எடுக்கும் நாற்சந்திக்கு வந்ததா? அதிகாரியின் மேசையில் உறங்கும் திட்டம் ஏழையின் வயிற்றை நிரப்பாது.

சான்றின் மதிப்பை அறிய வேண்டுமா? சிங்கப்பூரைப் பாருங்கள். நம் இளைஞர்கள் கடன் வாங்கி, ‘டெஸ்ட் அடித்து’க் கப்பல் ஏறிய காலம் போய் விமானம் ஏறுகின்றனர். திறன் உயர்ந்த கட்டுமானத் தொழிலாளிக்கு முதலாளி கட்டும் மாத வரி, 2024 முதல் 500 வெள்ளி. அடிப்படைத் திறனுடையவர்க்கு 900 வெள்ளி. திறனை வளர்த்தால் முதலாளிக்கே ஆதாயம் என்று சட்டம் செய்தனர். பிரிட்டனில் 1964 ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலதிபர்களிடம் தீர்வை வாங்கிப் பயிற்சிக்குச் செலவிட வழி வகுத்தது. ஆலைக் கட்டுமானத்துக்கெனத் தனி வாரியமே அங்கு இயங்குகிறது. அந்நியர் நாட்டில் மதிக்கப்படும் தமிழனின் கை, அன்னை நாட்டில் மதிக்கப்படாதது ஏன்?

‘தொழில், தொழில் என்கிறீரே, இது குலக்கல்வியல்லவா?’ என்று ஐயுறும் நண்பர்களும் உண்டு. நல்ல கேள்வி. 1953 இல் வந்த திட்டம், அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றது. மக்கள் கொதித்தெழ, 1954 இல் மடிந்தது. பிறப்பைப் பார்த்துத் தொழில் தருவது குலக்கல்வி. திறனைப் பார்த்துச் சான்று தருவது அதற்கு நேர் எதிர். தந்தை யார் என்று கேளாத தேர்வு, தச்சன் மகனைப் பொறியாளனாக்கும். உழவன் மகளைக் கொத்தனாராக்கும்.

ஆம், மகளை! சித்தாளாக வேலைக்கு வரும் பெண், சித்தாளாகவே கிழவியாகிறாள். அவள் குழைத்துத் தந்த கலவையால் சுவர் எழுப்பியவன் கொத்தனார். முப்பது ஆண்டு பார்த்துப் பார்த்துப் பழகியவள் கூலிக்காரி! கரணையை அவள் கையில் கொடுக்க மறுக்கும் மேஸ்திரியைத் தாண்டிச் செல்ல அவளுக்கு ஒரு வாயில் வேண்டும். அந்த வாயில் தகுதித் தேர்வு.

ஆகவே கேட்கிறோம். தேர்வு வேலைத்தளத்திலேயே, செய்முறையாக, தமிழிலும் பிற மாநிலத் தோழர்தம் மொழியிலும் நடக்கட்டும். கட்டணத்தையும் இழந்த கூலியையும் தீர்வைப் பணம் ஏற்கட்டும். அரசின் ஒப்பந்தப் புள்ளிகளில் சான்று பெற்றோர் இத்தனை பேர், அவர்க்குக் கூலி இவ்வளவு என்று எழுதப்படட்டும். கூலியோடு பிணையாத சான்று, சுவரில் மாட்டும் வெறும் படம். சான்றில்லாதவரை வெளியே தள்ளும் வேலியாகவும் அது ஆகிவிடக் கூடாது. பயிற்சி தராத முதலாளிக்கே தண்டனை, பயிலாத தொழிலாளிக்கு அல்ல.

உத்திரமேரூர்க் கல்லில் நிலமுடையார் தகுதி பொறிக்கப்பட்டது. மாகறல் தொழிலாளியின் தகுதி ஒரு தாளிலேனும் பொறிக்கப்படட்டும்! அதற்கான பணம் அவருடையது. அதைக் கேட்கும் உரிமையும் அவருடையது.