சட்டை எடுத்துக் கொடுக்கவும் ஒரு ஆள் வேணும்

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு மக்களே. ஹாஸ்டல் வராண்டா முழுக்க வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கடன் வாங்கின ஷூ. நேத்து ராத்திரி மட்டும் ஆறு பேருக்கு நான்தான் சட்டை எடுத்துக் கொடுத்தேன். "உனக்கு அந்தப் பளீர் வெள்ளை வேண்டாம், க்ரீம் கலர் போடு. பேன்ட் கீழே மடிஞ்சு கிடக்கு, ஒரு இஞ்ச் ஏத்தித் தைச்சுக்கோ." எல்லாம் முடிஞ்ச பிறகு ஒருத்தன் கேட்டான், நீ என்ன பண்ணப் போறேன்னு. ஃபேஷன் ஸ்டைலிஸ்ட் ஆகணும்னு சொன்னேன். "ஏல, நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிட்டுத் துணி மடிக்கப் போறியா?" ஆறு பேரும் சிரிச்சாங்க. சிரிச்ச ஆறு பேரும் நான் எடுத்துக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தாங்க.

அவங்களுக்கான பதில்தான் இது.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். டிசைனர் துணியை உருவாக்குறவர். ஸ்டைலிஸ்ட், இருக்கிற துணியில இந்த ஆளுக்கு, இந்த இடத்துக்கு, இந்த வெளிச்சத்துக்கு எது பொருந்தும்னு தேர்ந்தெடுக்கிறவர். கேட்க ஜாலியா இருக்கும். உண்மையில பாதி வேலை கடை கடையா ஏறி இறங்குறதும், இரவல் வாங்கின உடையைக் கறை படாம திருப்பிக் கொடுக்கிறதும்தான். ஸ்டீமர், ஊக்கு, ரெண்டு பக்கம் ஒட்டுற டேப், எது எந்தக் கடையில வாங்கினதுன்னு எழுதின பட்டியல் எல்லாத்தையும் பையில வச்சுக்கிட்டு, கேமராவுக்குப் பின்னாடி நாள் முழுக்க நிக்கணும். ஆமா, துணியும் மடிக்கணும்.

இந்த வேலைக்கு நம்ம கடற்கரை புதுசில்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிக்கிற இந்த நாட்டு அரசன் இடுப்புல ஒரு துணியும், கழுத்துல 104 முத்தும் மாணிக்கமும் கோத்த மாலையும் அணிஞ்சிருந்ததா எழுதி வச்சிருக்கார். நம்ம வெயிலுக்கு மேல்சட்டை தேவையில்ல. அரசன்னு காட்ட அந்த மாலை போதும். எதை விடணும்னு தெரிஞ்சவர்தான் நல்ல ஸ்டைலிஸ்ட்.

இன்னைக்கு சினிமாவுல தூத்துக்குடிக்காரன்னா லுங்கி, கழுத்துல தடிச்ச செயின், கையில அருவா. எங்க அம்மா உப்பளத்துல வேலை பார்த்தவங்க. சேலைக்கு மேல அப்பாவோட பழைய முழுக்கைச் சட்டை, தலையில துண்டு. வெள்ளை உப்புல பட்டுத் திரும்புற வெயிலுக்கு அதுதான் கவசம். போன கல்ச்சுரல்ஸ் ஃபேஷன் ஷோவுல எங்க டீமுக்கு அதே சேலை, அதே சட்டையைத்தான் போட்டு விட்டேன். பரிசு கிடைக்கல. ஆனா வீடியோவைப் பார்த்த அம்மா, "கைப் பொத்தானைப் போட்டு விடலையே, உப்பு உள்ள போயிடுமே"ன்னு சொன்னாங்க. எந்த ஜட்ஜும் எனக்குச் சொல்லித் தராத பாடம் அது.

பளபளப்பு மட்டும்தான் இந்தத் தொழில்னு நினைக்கிறவங்க 'பரதேசி' படத்தைப் பாருங்க. சுதந்திரத்துக்கு முந்தைய தேயிலைத் தோட்டக் கூலிகளோட கதை. படம் முழுக்க முரட்டுத் துணியும் கிழிசலும்தான். அதுக்குத்தான் பூர்ணிமா ராமசாமிக்குச் சிறந்த ஆடை வடிவமைப்புக்கான தேசிய விருது கிடைச்சது. இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்த பானு அத்தையா ஓவியக் கல்லூரியில படிச்சு, பத்திரிகைக்கு ஃபேஷன் படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தவங்க. 'காந்தி' படத்துக்காக 1983-இல் அந்த விருது வந்தது. பக்கத்து வாசல் வழியா உள்ள வர்றது தப்பில்ல. நம்மளுக்கும் வாசல் இருக்கு: நிஃப்ட்ல எம்.எஃப்.டெக். படிப்புக்கு பி.இ. முடிச்சவங்க விண்ணப்பிக்கலாம். ஆனா அது ஆடை உற்பத்தி சார்ந்த படிப்பு. அதை முடிச்சா ஸ்டைலிஸ்ட் ஆகிடலாம்னு நினைச்சு ஏமாறாதீங்க.

இப்போ கசப்பான விஷயம். சென்னையில ஒருத்தர்கிட்ட உதவியாளரா சேரக் கேட்டேன். "ஆறு மாசம் சும்மா வா, அனுபவம் கிடைக்கும்"னாங்க. ரூம் வாடகையை யார் கொடுப்பா? எனக்குக் கல்விக் கடன் இருக்கு. அப்பா துறைமுகத்துல லாரி ஓட்டுறார். 'பேஷனைத் துரத்து'ன்னு மேடையில பேசுறவங்க யாரும் இஎம்ஐ பத்திப் பேச மாட்டாங்க. சம்பளமில்லாத ஆறு மாசத்தைத் தாங்குற வீட்டுப் பிள்ளைங்க மட்டுமே இந்தத் தொழிலுக்குள்ள வந்தா, திரையில உப்பளத்துச் சட்டையோட பொத்தான் எப்பவும் திறந்துதான் இருக்கும்.

அதனால என் கருத்து இது: வேலை கிடைச்சா வாங்கிக்கோங்க. நானும் வாங்கிக்கப் போறேன். வெட்கமில்ல. ஆனா வார இறுதியை யாருக்கும் விட்டுக் கொடுக்காதீங்க. போட்டோ எடுக்கத் தெரிஞ்ச ஒரு நண்பர், மேக்கப் தெரிஞ்ச ஒரு தோழி, நீங்க. மூணு பேரும் காசில்லாம ஒருத்தருக்கொருத்தர் உழைச்சா அது சுரண்டல் இல்ல. மூணு பேருக்கும் போர்ட்ஃபோலியோ கிடைக்கும். லொகேஷனுக்கா பஞ்சம்? உப்பளம் இருக்கு, பழைய துறைமுகம் இருக்கு, திரேஸ்புரம் படகுக் கரை இருக்கு. அங்க வேலை செய்றவங்களைக் கேட்டுட்டு எடுங்க, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு நல்ல லுக் சேர்ந்ததும் ஊர்க் கல்யாணத்துக்கும் ஜவுளிக் கடை விளம்பரத்துக்கும் போய்க் கேளுங்க. அட்வான்ஸ் வாங்காம துணி எடுக்கப் போகாதீங்க. ஒரு வருஷச் செலவுக்கான பணம் கையில சேர்ந்த பிறகு சென்னைக்கு ரயில் ஏறலாம்.

வார இறுதியில மட்டும் கத்துக்கிட்டா தாமதமாகும்னு சிலர் சொல்வாங்க. ஆகட்டும். முழு நேரம் செட்டுல நின்னு கத்துக்கிறவன் என்னைவிட வேகமாத்தான் போவான். ஆனா கடனைக் கட்ட முடியாம பாதியில திரும்பி வர்றதைவிட ரெண்டு வருஷம் லேட்டா போறது மேல்.

சரி, வெள்ளிக்கிழமை இன்டர்வியூ இருக்கிறவங்க வியாழக்கிழமை ராத்திரி ரூமுக்கு வாங்க. சிரிச்ச ஆறு பேரும் வரலாம். அயர்ன் பாக்ஸ் மட்டும் நீங்க கொண்டு வரணும்.