செவ்வாய்க்குப் போகலாம்... குடித்தனம் நடக்குமா?

செவ்வாய் கிரகத்தில் பத்து லட்சம் பேர் வாழும் நகரமே கட்டலாம் என்று அமெரிக்காவின் எலான் மஸ்க் பல வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட, "பூமி கெட்டுப்போனா செவ்வாய்க்குப் போயிடலாம்மா" என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ இது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை, தோழிகளே.

போய்ச் சேர முடியாது என்று சொல்லவில்லை. 2013 நவம்பர் 5-ல் நம் இஸ்ரோ அனுப்பிய மங்கள்யான், 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. பட்டுச்சேலையும் தலையில் பூவுமாக இஸ்ரோ பெண்கள் சிரித்து மகிழ்ந்த போட்டோவைப் பார்த்து நமக்கெல்லாம் எவ்வளவு பெருமை! ஆனால், மங்கள்யானுக்குப் பசிக்காது, மூச்சு முட்டாது. மனுஷனுக்கு அப்படியா?

செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. குளிரோ சராசரியாகப் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி. பூமியிலிருந்து கிளம்பத் தோதான சமயம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். உப்பு தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கடன் வாங்குகிற கதையெல்லாம் அங்கே ஆகாது!

தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கிறதாம். இருந்தால் மட்டும் ஆச்சா? எங்கள் கம்பம் பள்ளத்தாக்கையே பாருங்கள். பென்னிகுயிக் அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். இன்றைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பித்தான். ஜூன் மாதம் தண்ணீர் திறக்கத் தாமதமானால் நாற்றுப் பாவ முடியாது, வீட்டு வரவுசெலவே தலைகீழாகிவிடும். மண்ணும் மழையும் இருக்கிற ஊரிலேயே இந்தப் பாடு! செவ்வாய் மண்ணிலோ தைராய்டைக் கெடுக்கும் பெர்குளோரேட் உப்பு கலந்திருக்கிறது. அதை நீக்கினால்தான் கீரைகூட விதைக்கலாம்.

பூமியிலேயே ஒரு ஒத்திகை பார்த்தார்கள். அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்று மூன்று ஏக்கரில் கண்ணாடி மாளிகை கட்டி, 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே விளைவதைத்தான் சாப்பிட வேண்டும். பசியில் எல்லாரும் இளைத்துப்போனார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே ஆக்சிஜனை இழுத்துக்கொண்டதில், 21 சதவீதம் இருக்க வேண்டியது 14 வரை இறங்கிவிட்டது. கடைசியில் 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். செவ்வாயில் எந்த வெளியிலிருந்து ஏற்றுவது?

திரும்பி வராத பயணத்துக்கு ஆள் சேர்த்த நெதர்லாந்தின் 'மார்ஸ் ஒன்' நிறுவனமும் 2019-ல் திவாலானது. அதற்குத் தேர்வான நூறு பேரில் நம் இந்தியர்களும் இருந்தார்கள், பாவம்.

ராக்கெட் விடட்டும், ஆராய்ச்சி செய்யட்டும். ஆனால், குடியேற்றம் என்றால் பிள்ளை குட்டி பிறக்க வேண்டுமே, அதைப் பற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை? விண்வெளியில் இதுவரை ஒரு பிரசவம்கூட நடந்ததில்லை. செவ்வாயின் ஈர்ப்பு விசை பூமியில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதில் கரு தங்குமா, பிறக்கிற குழந்தையின் எலும்பு உறுதிப்படுமா, யாருக்கும் தெரியாது. தேனி மாவட்ட மலைக்கிராமங்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த கதைகளைக் கேட்டவர்கள் நாம். அங்கே ஒருத்திக்கு வலி எடுத்துச் சிக்கலானால், ஆறேழு மாதப் பயணத்துக்கு எந்த டோலியைக் கட்டுவார்களாம்?

- ஒரு வாசகி, உத்தமபாளையம்.