தோண்டுமுன் மண்ணை ஆராய்க!

ஒடிசாவின் பூரி நகரில், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜகந்நாதர் கோவிலைச் சுற்றி அமைக்கப்பட்ட வளாகம் 2024 ஜனவரியில் ஆரவாரத்துடன் திறக்கப்பட்டது. அதற்காக, கோவில் மதிலிலிருந்து 75 மீட்டர் தொலைவு வரையிலான கடைகளும் வீடுகளும் மடங்களும் 2019 முதல் அகற்றப்பட்டன. இராமானுசரோடு மரபு தொடர்புபடுத்தும் எமார் மடத்தின் பெரும்பகுதியும், ரகுநந்தன் நூலகக் கட்டடமும் இடிக்கப்பட்டன. எம்பெருமானார் என்னும் தமிழ்ப்பெயரே எமார் எனத் திரிந்ததாகக் கூறுவர்.

மண்ணுக்கு மேலே இருந்தவற்றின் கதி இது. கீழே இருந்தவை? பணி தொடங்குமுன் பாரம்பரியத் தாக்க மதிப்பீடு செய்யப்படவில்லை என்றும், தோண்டும்போது தொல்லெச்சங்கள் அழிந்திருக்கக்கூடும் என்றும் இந்தியத் தொல்லியல் துறை 2022 மே மாதம் உயர்நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அடுத்த மாதமே, பக்தர்களுக்கு அடிப்படை வசதிகள் தேவை எனக் கூறி, பணிக்கு எதிரான மனுக்களை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வசதி தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை. கழிப்பறை கட்டுவதற்கு முன் மண்ணை ஆராய்வதில் என்ன தடை என்பதே கேள்வி.

பழைய வரைபடங்கள், நில ஆவணங்கள், கல்வெட்டுகள், தெருப்பெயர்கள் ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். பின்னர் தரை ஊடுருவும் ராடார் ஆய்வு. தடயம் தெரியும் இடங்களில் சோதனைக் குழிகள். அதன் பிறகே அடித்தளம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்ய வேண்டும். மண்ணடுக்குகளின் வரிசையே காலத்தின் வரிசை. பொக்லைன் அதைக் கலைத்துவிட்டால், பின்னர் கிடைக்கும் பானையோடு எக்காலத்தது, யாருடையது என்று அறிய வழி குறுகிவிடும். அரசர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. குயவருக்கும் நெசவாளருக்கும் அடுப்புச் சாம்பலும் உடைந்த கலயமுமே சாட்சி.

2010இல் திருத்தப்பட்ட சட்டம், மத்தியப் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வரையறுக்கிறது. தடைசெய்யப்பட்ட பகுதியிலும் ஒன்றிய அரசின் பொதுப்பணிகளை அனுமதிக்கும் மசோதாவை 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பியது. பட்டியலில் இடம்பெறாத பழைய நகர்ப்பகுதிகளுக்கோ இந்த வரம்பும் இல்லை.

லண்டனில் 1989இல் அலுவலகக் கட்டுமானத்தின்போது ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. அதைக் காக்கக் கலைஞர்களும் மக்களும் திரண்டனர். கட்டுமான அனுமதிக்கு முன்பே தொல்லியல் மதிப்பீடு கோரும் வழிகாட்டுதல் மறு ஆண்டே இங்கிலாந்தில் வெளியானது. இங்கும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2023இல் ஞானவாபி மசூதி வளாகத்தில் ராடாரைப் பயன்படுத்தியது இதே தொல்லியல் துறைதான். மக்களைப் பிரிக்கும் வழக்குக்குப் பயன்பட்ட கருவி, நகரைத் திருத்தியமைக்கும் முன்னும் பயன்பட வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளி கோருமுன் தொல்லியல் மதிப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். திட்டத்தால் ஆதாயம் பெறாத வல்லுநர்கள் அதைச் செய்ய வேண்டும். செலவைத் திட்டத்தை நிறைவேற்றுவோர் ஏற்க வேண்டும். அறிக்கை மாநில மொழியில் வெளியிடப்பட வேண்டும். சிறுவணிகரை வெளியேற்றும் அவசரமும் மண்ணடுக்கைக் கலைக்கும் அவசரமும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. மறுவாழ்வுக் கோரிக்கையோடு இக்கோரிக்கையையும் இணைத்து, இடிப்பு ஆணை வருவதற்கு முன்பே நகர்மன்றங்களிலும் தெருக்களிலும் எழுப்புவது இடதுசாரி இயக்கத்தின் கடமை.