பற்றரியும் சிப்பும்: தடைப்பட்டியலை எழுதுறது ஆர்?



அமெரிக்காவின் சிப் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கதை எடுத்தால், எங்கட ஹொல்ம்லியாப் பக்கத்திலேயே சிலர் கேட்கிறார்கள்: "சீனா உய்குர் சனத்தை என்ன பாடுபடுத்துது எண்டு தெரியும்தானே? சிப் குடுக்காமல் விடுறது நல்லதுதானே?" நேர்மையான கேள்வி. ஆனால் இந்தக் கட்டுப்பாடு அதற்கான பதில் இல்லை.

2019 ஒக்ரோபரில் ஹிக்விஷன், சென்ஸ்ரைம் போன்ற கம்பனிகளை அமெரிக்கா தடைப்பட்டியலில் போட்டது. சின்ஜியாங் ஒடுக்குமுறைதான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னது. 2022 ஒக்ரோபர் 7 இல் வந்த விதி வேறு வகை. அதன் அளவுகோல் சிப்பின் கணிக்கும் திறனும் அது போய்ச் சேரும் நாடும். புற்றுநோய் ஆய்வு செய்கிற சீனப் பல்கலைக்கழகத்துக்கும் அதே பூட்டுத்தான்.

2025 ஜனவரியில் பைடன் அரசு முழு உலகத்தையும் மூன்று தட்டாகப் பிரித்தது. நோர்வே உட்பட 18 நாடுகள் மேல் தட்டில். இந்தியாவும் இலங்கையும் நடுத் தட்டில், உச்சவரம்போடு. நடைமுறைக்கு வர முன்னமே, மே மாதத்தில், ட்ரம்ப் அரசு அதைக் கைவிட்டது. ஆனால் அந்தப் பட்டியல் மனசில இருந்ததைக் காட்டிவிட்டது. ஒஸ்லோவில் படிக்கிற எனக்கு ஒரு வரிசை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அதே பாடம் படிக்கிறவருக்கு இன்னொரு வரிசை. அவர் என்ன ஆயுதம் செய்தவர்?

சரி, இது பாதுகாப்புப் பிரச்சினை என்றே வைப்பம். 2025 ஓகஸ்டில், சீனாவில் எச்20 விற்ற வருமானத்தில் 15 வீதத்தை அமெரிக்க அரசுக்குத் தருவதாக என்விடியா பேசி முடித்தது. டிசெம்பரில், அதைவிடப் பலமான எச்200 ஐ 25 வீதத்துக்கு விற்கலாம் என்றார் ட்ரம்ப். கொமிஷன் குடுத்தால் போய்விடுகிற ஆபத்து என்ன ஆபத்து?

பலஸ்தீனரின் தொலைபேசி அழைப்புகளை இஸ்ரேலிய உளவுப் பிரிவு மைக்ரோசொஃப்ட் கிளவுட்டில் சேமித்து வைத்ததைக் கார்டியன் அதே ஓகஸ்டில் வெளிக்கொண்டு வந்தது. அடுத்த மாதம் மைக்ரோசொஃப்ட் சில சேவைகளை நிறுத்தியது. நிறுத்த வைத்தது வாஷிங்டனின் ஏற்றுமதிச் சட்டமா? இல்லை. பத்திரிகையாளர்களும், தெருவில் நின்ற ஊழியர்களும்.

"இரட்டைப் பயன்பாடு" என்றால் என்ன என்று தமிழருக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்ட இலங்கை அரசும் இதையேதான் சொன்னது. பற்றரி குண்டுக்குப் போகும், யூரியா வெடிமருந்தாகும். சனம் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது, ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. கொழும்புக்கோ 1996 இல் இஸ்ரேலிய கிபிர் விமானங்கள் வந்திறங்கின. பற்றரியும் சிப்பும் ஒண்டில்லை. அங்கே பட்டது உயிரும் வயிறும். ஒண்டாக இருப்பது இதுதான்: பட்டியலை எழுதுகிறவன் தன்னை அதில் எழுதமாட்டான்.

இதில் நாங்கள் வெளியாட்களும் இல்லை. நார்விக்கிற்கு அருகே குவாண்டாலில் 2025 ஜூலையில் அறிவித்த 'ஸ்ரார்கேற் நோர்வே' திட்டத்தில் 100,000 என்விடியா சிப்புகளும் 230 மெகாவாற் மின்சாரமும் பேசப்பட்டன. எங்கட எண்ணெய் நிதியின் மிகப்பெரிய பங்குகளில் என்விடியாவும் ஒன்று. மேல் தட்டில் இருப்பதன் லாபம் எங்கட ஓய்வூதியத்திலும் இருக்கிறது.

"எல்லாருக்கும் விற்க விடு" என்பது என்விடியாவின் கோஷம். எங்களுடையது வேறு. ஒன்று: எந்த நாடு என்று கேட்காமல், எதற்குப் பயன்படுகிறது என்று கேள். கண்காணிப்புக்கும் குண்டுவீச்சுக்கும் இல்லை என்றால், டெல் அவிவுக்கும் இல்லை, வாஷிங்டனுக்கும் இல்லை. இரண்டு: நோர்வேயின் நீர்மின்சாரத்தில் ஓடுகிற கணினிகளில் ஒரு பங்கு பொது உடைமையாகட்டும், யாழ்ப்பாணத்து மாணவருக்கும் அதன் கதவு திறக்கட்டும். மூன்று: எண்ணெய் நிதி தன் சிப் பங்குகளுக்கும் கணக்குச் சொல்லட்டும்.

ரோட், எஸ்.வி. கிளைகளில் இருக்கிற தோழர்கள் இந்த மூன்றையும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வையுங்கோ. தடை என்ன செய்யும் எண்டு தெரிஞ்ச சனம், இதில வாய் மூடி இருக்கேலாது.