வில்லும் வீட்டுப் பிள்ளைகளும்

நவராத்திரி விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல். மூங்கிற் பிளாச்சை வளைத்துச் சணற் கயிறு கட்டி, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கை அம்பாகத் தொடுத்து, நம் வீட்டுப் பையன் ஸ்ரீராமனாக அவதாரம் எடுத்திருந்தான். பக்கத்து வீட்டுச் சிறுமி தாடகை. அம்பு அவள் புருவத்துக்கு மேலே கீறிச் சென்றது. ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் ஒரு கண் போயிருக்கும். அதை நினைத்தால் இன்றும் நம் உடல் நடுங்குகிறது.

வில்லை முறித்து அடுப்பில் போட்டோம். மறுநாளே கொல்லைப்புறத்தில் இன்னொரு வில் தோன்றிவிட்டது! வீட்டில் துடைப்பம் உள்ளவரை அம்புக்கு ஏது பஞ்சம்? தடுப்பதைவிடக் கற்பிப்பதே மேல் என்ற முடிவுக்கு வந்தோம்.

துரோணர் வைத்த பரீட்சையில் அர்ஜுனனுக்குப் பறவையின் தலை மட்டுமே தெரிந்தது என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அவனுக்கு முன் வந்த தருமபுத்திரரை மறந்துவிடுகிறோம். குறி பார்த்து நின்றவரைக் குரு விலகச் சொன்னார். அவரும் அம்பை விடாமலே விலகினார். பரீட்சையில் அவர் தேறவில்லை என்பது மெய்தான். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு முதற் பாடம் அவரிடமே இருக்கிறது. இழுத்த நாணை, சொன்ன மாத்திரத்தில் தளர்த்தத் தெரியவேண்டும்.

போட்டி மைதானங்களில் இதற்கென்றே ஊதல் முறை உண்டு. இரண்டு முறை ஊதினால் கோட்டுக்கு வரவேண்டும். ஒரு முறை ஊதினால் எய்யலாம். மூன்று முறை ஊதினால் அம்புகளை எடுத்து வரலாம். ஐந்து முறையோ அதற்கு மேலோ ஊதினால் அபாயம், அக்கணமே நிறுத்தவேண்டும். வில்லைக் கையில் கொடுக்குமுன், சில நாட்கள் இதை வெறுங்கை விளையாட்டாகவே பழக்கினோம்.

வில்லைப் பற்றிச் சில வார்த்தைகள். எட்டு வயதுக்கு முன் உண்மையான வில் வேண்டாம். தொடங்குவோருக்கு 10 முதல் 15 பவுண்டு இழுவிசை போதும். அம்பு, பிள்ளை நாணை முழுதும் இழுக்கும் அளவைவிட இரண்டு மூன்று அங்குலம் நீளமாக இருக்கவேண்டும். குட்டையான அம்பு வில்லைத் தாண்டிப் பின்வந்து பிடித்த கையையே துளைக்கலாம். அம்பின்றி நாணை இழுத்துவிட்டால் வில்லே முறிந்து தெறிக்கக்கூடும். முன்கைக்குக் காப்பும் விரல்களுக்குத் தோலுறையும் அவசியம். கூந்தலை முடிந்து, சங்கிலியைக் கழற்றிவிடுக.

இலக்கைப் பெரிதாக அமைத்து 15 அடி தூரத்தில் வையுங்கள். அதன் பின்னால் மண்மேடு இருக்கட்டும். பாதையோ பலகணியோ இருக்கலாகாது. எல்லோரும் ஒரே கோட்டில் நின்றே எய்யவேண்டும். வானத்தை நோக்கி ஒருபோதும் எய்யலாகாது. அம்பை எடுக்க நடந்தே போகவேண்டும். பிடுங்குகிறவர் பின்னால் எவரும் நிற்கக்கூடாது. அம்பின் பின்முனையும் கண்ணைக் குத்தும்.

"பெண் குழந்தைக்கு வில் எதற்கு?" என்று கேட்போர் இன்றும் உளர். ராஞ்சியை அடுத்த கிராமத்தில் பிறந்த தீபிகா குமாரி, மூங்கில் வில்லில் பழகி, 2012-இல் உலக வரிசையில் முதலிடம் பெற்றார். கைகளின்றிப் பிறந்த ஜம்மு-காஷ்மீரச் சிறுமி ஷீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து, 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக் பந்தயத்தில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலப் பதக்கம் வென்றார். தேசத்துக்குப் பெருமை தேடித் தந்த இவர்களைக் காட்டிலும் வேறு பதில் வேண்டுமோ?

சென்ற வாரம் அந்தப் பழைய தாடகைதான் கோட்டில் நின்றாள். நாணை முழுதும் இழுத்துவிட்டாள். வேலியோரமாக ஒரு கன்றுக்குட்டி எட்டிப் பார்த்தது. நாம் ஊதலை வாயில் வைக்குமுன்பே, "மாமா, கன்றுக்குட்டி!" என்று சொல்லி, மெல்ல நாணைத் தளர்த்தி அம்பைக் கீழே வைத்தாள்.

அன்று அவள் இலக்கில் ஓர் அம்பும் தைக்கவில்லை. ஆனாலும் பரீட்சையில் அவள் தேறிவிட்டாள் என்றே சொல்லுவோம்.